ஒரு நம்பரில் இரண்டு உடம்பு

ஆவுடையம்மாளுக்கு அந்தச் சீக்கு கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு இருந்ததெல்லாம் முழங்கால் வலியும், விலை பேசாமல் ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாத குணமும்தான். ஆனால் ராஜபாளையத்தில் வைகுண்டராஜ் டாக்டர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டினால், ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிற வியாதி சில வருடங்களாக அவளைப் பிடித்திருந்தது.

சீக்கு மகளுடையது. பெயர் மட்டும் தாயுடையது.

இதைத் திருட்டுத்தனம் என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. தளவாய்புரத்தில் நைட்டி தைத்து ஊர் ஊராக அனுப்புகிற குடும்பம். துணியில் ஒரு கறை விழுந்துவிட்டால் கறை உள்பக்கம் போகிற மாதிரி மடித்து அடுக்குவார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு வலிப்போ, இழுப்போ, தோலில் வெள்ளையோ வந்தாலும் மடிப்பு அதேதான். டாக்டர் சீட்டை அம்மா பேரில் போடு, இல்லை கட்டிக்கொடுத்த அக்கா பேரில் போடு. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்குமுன் மெடிக்கல் கடையையும் லேபையும் பார்த்துவிட்டு வருகிற வட்டாரம் இது. லேபில் யாருக்காவது ஒரு சொந்தக்காரி வேலை பார்க்காமலா இருப்பாள்?

மாரிசெல்விக்கு இது காலேஜ் கடைசி வருடத்தில் ஆரம்பித்தது. பல் தேய்த்தால் ரத்தம். யாராவது கையைப் பிடித்துப் பேசினால் பிடித்த இடம் நீலம். பெரிய டாக்டர் வைகுண்டராஜ் பரிசோதித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"யார் பேர்ல எழுதட்டும்?" என்று அவரே கேட்டார்.

"எம் பேர்லயே எழுதிருங்க டாக்டர்," என்றாள் ஆவுடையம்மாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு நம்பர் இருந்தது. கர்ப்பப்பையை எடுத்த ஆபரேஷன் அங்கேதான் நடந்தது. அதே நம்பரில், ஆபரேஷனுக்குக் கீழே, மகளின் ரத்தம் ஏறி உட்கார்ந்தது. பெரிய டாக்டர் எது யாருடையது என்பதை மனதில் வைத்துக்கொண்டார். போன வருடம் மாரடைப்பு வந்தபோது அதையும் கையோடு கொண்டு போய்விட்டார்.

அவர் மகன் பிரேம்குமார் சென்னையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பழைய சீட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினான். கெட்டிக்காரன்தான். ஆனால் நோயாளியோடு பேசும்போது ஸ்கிரீனைப் பார்த்துப் பேசுவான். ஆவுடையம்மாளுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. மகளுக்குப் பதில் அவளே போய் உட்கார்ந்து, "இப்பம் பரவால்ல டாக்டர்" என்று மாத்திரை எழுதி வாங்கி வந்தாள். ரத்தம் எடுக்க லேபிலிருந்து ஜாஸ்மின் வீட்டுக்கே வருவாள். மாரிசெல்வியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். மாரிசெல்வியின் கையில் குத்தி, ஆவுடையம்மாள் பெயரைக் குப்பியில் ஒட்டி எடுத்துப் போவாள்.

எல்லாம் ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தது. அப்போதுதான் அந்த போன் வந்தது.

ஆவுடையம்மாள் வாசலில் மீன்காரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் சட்டி, ஒரு கையில் போன்.

"ஆவுடையம்மாள் அம்மாதானே? பெலிக்ஸ் பேசுதேன்மா. நம்ம ஆஸ்பத்திரியில ஆராய்ச்சிப் பிரிவு. சென்னைக் கம்பெனி ஒண்ணு உங்க சீக்குக்குன்னே புது மாத்திர கொண்டாந்திருக்கு. பரீட்சார்த்தமாக் குடுத்துப் பாக்காங்க. அதுக்கு ஆள் தேடுனதுல, உங்கள மாதிரிப் பொருத்தமான ஆளு இந்தப் பக்கத்துலயே இல்லம்மா."

"எம்புட்டுப் பேரைப் பாத்துட்டு இதச் சொல்லுதீய?"

"நான் எங்கம்மா பாத்தேன். கம்ப்யூட்டர் பாத்துச்சு. இருக்குத சீட்டையெல்லாம் ஒரே மூச்சுல படிச்சிட்டு உங்க பேரத் துப்பிருச்சு."

"எஞ் சீட்டை அது எங்கிட்டக் கேக்காம எப்பிடிப் படிக்கும்?"

"அட்மிஷன் அன்னைக்கிக் கையெழுத்துப் போட்டீங்கள்ல, அதுல ஒரு வரி இருக்கும்மா."

"அது மயக்க ஊசி போடுததுக்கு முந்தி போட்டது தம்பி."

"கையெழுத்து கையெழுத்துதானம்மா," என்றான் பெலிக்ஸ். மரியாதையாகத்தான் சொன்னான். பஞ்சு மார்க்கெட்டில் தரகு பார்த்தவரின் மகன். எதையும் மரியாதை குறையாமல் சொல்ல அவனுக்குத் தெரியும்.

வேண்டாம் என்று சொல்லத்தான் ஆவுடையம்மாள் வாயைத் திறந்தாள். உள்ளே மாரிசெல்வி கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையாலும் கன்னத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. பெரிய டாக்டர் எழுதிய மாத்திரை ரத்தத்தை நிறுத்தியது, முகத்தை ஊதவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாத்திரக் கடைக்காரர் வீட்டிலிருந்து பெண் கேட்டு ஆள் வந்திருந்தது. இவர்கள் கொடுத்தது வியாதிக்கு முந்திய போட்டோ. பெண் பார்க்க வரும்போது, படத்தில் இருந்தவள் எங்கே என்று கேட்பார்கள்.

"தம்பி, இந்த மாத்திர மூஞ்சிய ஊத வைக்குமா?"

"வைக்கவே வைக்காதும்மா."

"அப்பம் வாரேன்."

மீன்காரி சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஆவுடையம்மாள் உள்ளே போனாள். மீன்காரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஜாஸ்மின்தான் பயந்தாள். "பெரியம்மா, இது முன்ன மாதிரி இல்ல. ஆராய்ச்சி. ஆள் மாறிப் போச்சுன்னு தெரிஞ்சா என் வேலைய மட்டுமா புடுங்குவாவ?"

"ஏட்டி, இத்தன நாளா எந்தக் கையில குத்துனியோ அதே கையிலதான குத்தப் போற? நீ புதுசா என்ன தப்புப் பண்ணப் போற?"

ஜாஸ்மின் மாரிசெல்வியைப் பார்த்தாள். ஊதின முகத்தைப் பார்த்தவுடன் அவளால் மறுக்க முடியவில்லை.

கையெழுத்து வாங்குகிற அன்று பிரேம்குமாரின் அறையில் ஜன்னலுக்கு வெளியே சஞ்சீவி மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. முதல் நாள் சாயங்காலமே பீரோக் கதவுக்கு இடையில் கையைக் கொடுத்து அழுத்தி ஆவுடையம்மாள் ஒரு நீலத்தைத் தயார் செய்திருந்தாள். அதைக் காட்டினாள். டாக்டர் ஒரு கணம் பார்த்தான், ஸ்கிரீனில் ஏற்றினான்.

பெலிக்ஸ் கட்டுக் காகிதத்தைப் பக்கம் பக்கமாக வாசித்தான். நடுவில் ஒரு பக்கம் வந்தது. அதை வாசிக்காமலே திருப்பினான்.

"அது என்ன தம்பி, தாண்டிட்டீய?"

"அது புள்ள பெறுத வயசுக்காரிகளுக்கும்மா. இந்த மாத்திர வயித்துப் புள்ளைக்கு ஆகாது. உங்களுக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே. கம்ப்யூட்டர் உங்களப் புடிச்சதே அதனாலதான். பிளேட்லெட் கம்மியா இருக்கணும், கர்ப்பப்பையும் இருக்கக் கூடாது. ரெண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தி வாரது அபூர்வம்மா!" என்று சிரித்தான்.

ஆவுடையம்மாளும் சிரித்தாள். ரெண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தவில்லை என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மாரிசெல்விக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அந்தப் பக்கத்துக்கு இப்போது என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில் திருப்பின பக்கம் மறுபடி எழுந்து நின்றது. பெலிக்ஸ் அதன்மேல் கண்ணாடிக் குண்டு ஒன்றைத் தூக்கி வைத்தான்.

முதல் மாத்திரையை டாக்டர் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்பது விதி. வெற்றிலையை அடக்கிப் பழகிய கன்னம் ஆவுடையம்மாளுடையது. மாத்திரையை அதில் ஒதுக்கி, தண்ணீரை மட்டும் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்து, "குட்" என்றான். கழிப்பறையில் அதை முந்தானையில் துப்பித் துடைத்து எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே அது மாரிசெல்வியின் வயிற்றுக்குள் போயிற்று.

மாத்திரை நல்ல மாத்திரை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. நீலங்கள் மறைந்தன. பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததும் முகம் வடிந்து, போட்டோவில் இருந்தவள் திரும்பி வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், வைகாசியில் தாலி ஏறியது. மாப்பிள்ளை விக்னேஷ்வரன் அதிகம் பேசாத பையன். பேச வேண்டியதையெல்லாம் அவன் அம்மா சண்முகத்தாய் பேசிவிடுவாள்.

கல்யாணப் பந்தியில் அவள் ஆவுடையம்மாளின் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மதினி, மறைக்காமச் சொல்லிருதேன். ஒங்க ஊரு மெடிக்கல், லேப் ஒண்ணு விடாம விசாரிச்சுட்டுத்தான் வந்தோம். பொண்ணு பேர்ல ஒரு காய்ச்சல் மாத்திர வாங்குன தடயம்கூட இல்ல. அம்மாக்காரிக்குத்தான் ஏதோ ரத்தச் சீக்காமே, பாவம்னு பேசிக்கிட்டோம். ஒடம்பப் பாத்துக்கிடுங்க மதினி. இன்னொரு அப்பளம் வைக்கச் சொல்லட்டுமா?"

"வைக்கச் சொல்லுங்க," என்றாள் ஆவுடையம்மாள். அப்பளம் இலையிலேயே கிடந்தது.

பெலிக்ஸ் தாண்டிவிட்ட பக்கம் அவளுக்கு மறக்கவில்லை. தாலி ஏறியவுடன் மாத்திரையை நிறுத்திவிடுவது என்றுதான் இருவரும் பேசியிருந்தார்கள். நிறுத்தியும் பார்த்தார்கள். சில நாளிலேயே மாரிசெல்வி விடிந்து எழுந்தபோது தலையணை உறையில் ரத்தம். மருதாணி என்று சொல்லி உறையைத் துவைத்துப் போட்டாள். மறுநாளே ஆவுடையம்மாள் சத்து மாத்திரை டப்பா ஒன்றைக் காலி செய்து, அதற்குள் கம்பெனி மாத்திரையை நிரப்பி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"புள்ளைய மட்டும் தள்ளிப் போடுட்டி. நான் ஒரு வழி பாக்குத வரைக்கும்," என்று மகளின் காதில் சொன்னாள்.

"அவரு ஏன்னு கேட்டா என்னம்மா சொல்ல?"

"பரீட்சை எழுதப் போறேன்னு சொல்லு."

"என்ன பரீட்சை?"

ஆவுடையம்மாள் டப்பாவின் மூடியை இறுக்கித் திருகி மகளின் கையில் வைத்தாள். வாரம் தவறாமல் மாத்திரை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பெலிக்ஸ் போன் பண்ணுவதும் தவறவில்லை. தலைவலி உண்டா, மயக்கம் உண்டா, கால் வீங்குதா என்று கேட்பான். "செத்த நேரம் இருங்க தம்பி, அடுப்புல பால் பொங்குது" என்று அவனை நிறுத்தி வைத்துவிட்டு, ஆவுடையம்மாள் புருஷனுடைய போனில் மகளைக் கூப்பிடுவாள்.

"எம்மா, அத்தை பக்கத்துலதான் இருக்காவ," என்று கிசுகிசுத்தாள் மாரிசெல்வி.

"அப்பம் வாயத் தொறக்காத. நான் கேக்கக் கேக்க, இல்லன்னா 'ம்' போடு. இருந்தா இருமு."

மாரிசெல்விக்கு அந்த மாதம் நிஜமாகவே இருமல். சென்னைக்குப் போன அறிக்கையில் தலைவலி, மயக்கம், கால் வீக்கம், மூச்சு முட்டல், இல்லாத தொந்தரவு எல்லாம் ஏறியது.

"அம்மா, நல்லாருக்கீங்களா? கம்பெனியில பயந்து போயிக் கேக்காங்க," என்று பெலிக்ஸ் மறுபடி கூப்பிட்டான்.

"நல்லாத்தான் இருக்கேன் தம்பி. மூணு வேளையும் திங்கேன்."

"ஏம்மா, அப்ப எதுக்கு எல்லாத்துக்கும் உண்டுன்னீங்க?"

"நீங்க அம்புட்டு ஆசையாக் கேட்டியளே, இல்லன்னு சொல்ல மனசு வரல."

பெலிக்ஸ் சிரித்தான். ஆனால் முன்னைப் போல உடனே போனை வைக்கவில்லை. தரகர் வீட்டுப் பிள்ளை. சரக்கில் ஏதோ இருக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்து, என்ன என்று கைக்கு எட்டாதபோது வியாபாரி ஒரு கணம் சும்மா நிற்பான். அந்த மாதிரி அவன் மூச்சு மட்டும் போனில் கேட்டது.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள் மகளைக் கூப்பிடப் போனார்கள். புதுப்பெண் ஆடியில் தாய் வீட்டில் இருப்பது வழக்கம். அந்த மாதத்தில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருந்தால் சித்திரை வெக்கையில் பிள்ளை பிறக்கும் என்பதற்காகப் பிரித்து வைப்பார்கள். கார் தளவாய்புரத்தில் வீட்டு வாசலில் வந்து நின்றதும் மாரிசெல்வி இறங்கி, சாக்கடை ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். ஆவுடையம்மாள் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன் அடித்தது. சண்முகத்தாய்.

"மதினி, வீடு சேந்தாச்சா, மாரிக்கு வாந்தி கீந்தி வந்துச்சா? வரும் வரும்! ஆடிக்குப் பிரிச்சு வைக்கதுக்கு முந்தியே எம் பேரன் முந்திக்கிட்டான் பாத்தியளா? ரெண்டு நாளா எனக்குச் சந்தேகந்தான். பூரத்துக்குத் தேர் பாக்க அவளக் கூட்டிட்டு வந்திருங்க. எங்க ஆளுகள்லாம் பாக்கணும்ங்காக."

பின்னால் பாத்திரங்கள் மோதிக்கொள்கிற சத்தம். அந்தக் கடையில் அது ஓயவே ஓயாது. ஒருவன் தட்டிப் பார்ப்பான், ஒருவன் அடுக்குவான், ஒருவன் இறக்குவான்.

மறுநாள் ஆவுடையம்மாள் பெலிக்ஸுக்குத் தானே போன் பண்ணினாள். அப்படிப் பண்ணியது அதுதான் முதல் தடவை.

"தம்பி, ஒரு சங்கதி. எங்க தெருவுல ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு, சத்து மாத்திரைன்னு நெனச்சு என் மாத்திரைய எடுத்து முழுங்கிட்டா."

"எத்தனைம்மா?" என்றான் பெலிக்ஸ்.

"என்னமோ… கொஞ்சம்."

"அது எவ்வளவு ஆபத்துன்னு யாருக்கும் தெரியாதும்மா. வயித்துப் புள்ளக்காரி யாருக்கும் இதக் குடுத்ததே இல்ல. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க."

"எலிக்கு என்ன ஆச்சு?"

"அது எதுக்கும்மா உங்களுக்கு? மாத்திரையப் பூட்டி வச்சுச் சாப்பிடுங்க. அந்தப் பொண்ண உடனே டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. பேரு என்னம்மா அந்தப் பொண்ணுக்கு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் மாரிசெல்வியின் தோலைப் பார்த்துக்கொண்டே நடமாடினார்கள். முதலில் முழங்கைக்குக் கீழே ஒரு நீலம். பிறகு தொடையில் சிவப்புப் புள்ளிகள், ரவையைத் தூவின மாதிரி. பிறகு, ஆடிப்பூரத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் மூக்கில் ஆரம்பித்த ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு வைக்க வைக்க நனைந்தது.

"மருந்து தின்னா புள்ளைக்கு ஆகாது. திங்காட்டா எனக்கு ஆகாது. எனக்கு இது வேணும்மா. அவரு தொட்டில் கம்பி பாத்து வச்சிருக்காரு," என்றாள் மாரிசெல்வி. பஞ்சு வைத்த மூக்கோடு பேசியதால் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஆவுடையம்மாளின் புருஷன் ஐயாதுரை சட்டையை மாட்டினார். "மதுரைக்குப் போயிருவோம். நம்மள யாருக்கும் தெரியாது. வேற ஒரு பேரப் போட்டுக்கிடலாம்."

"இன்னுமா பேரு?" என்றாள் ஆவுடையம்மாள். "இவ என்ன மருந்து தின்னா, எம்புட்டு நாளாத் தின்னாங்கறது தெரியாம மதுரையில எவன் என்ன வைத்தியம் பாப்பான்? அந்த மருந்து என்னன்னு இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் தெரியும்."

"அங்க போயி உண்மையச் சொன்னா ஊருக்கே தெரியும். பொறவு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் சும்மா இருப்பானா? திரும்பி வந்த சரக்கு மாதிரி வீட்டுல கெடப்பா."

"கெடக்கட்டும். உசுரோட கெடக்கட்டும்."

ஐயாதுரை ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "பேரு?"

மாரிசெல்வி அம்மாவைப் பார்த்தாள். ஆவுடையம்மாள் தலையை ஆட்டினாள்.

"மாரிசெல்வி."

"பழைய நம்பர் இருக்கா?"

"இல்ல. எம் பேர்ல இதுதான் மொத தடவ."

"செல் நம்பர் சொல்லுக்கா. வீட்டுக்காரர் நம்பரே சொல்லிரு. பொம்பளையாளுக நம்பரக் குடுத்தா ரெண்டு மாசத்துல மாத்திருதீய, ரிப்போர்ட்டு அனுப்ப முடியல."

மாரிசெல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். கல்யாணமானதிலிருந்து கேஸ் புக்கிங்குக்கும் ரேஷனுக்கும் அந்த நம்பரைச் சொல்லிச் சொல்லி அதுதான் நாக்கில் முதலில் வந்தது. ஆவுடையம்மாள் அப்போது ஸ்ட்ரெச்சர் தேடிப் போயிருந்தாள்.

பிரேம்குமார் எல்லாவற்றையும் கேட்டான். முதல் தடவையாக ஸ்கிரீனிலிருந்து முகத்தைத் திருப்பி ஆவுடையம்மாளைப் பார்த்தான். அவள் முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட மாதிரி பார்த்தான்.

"இதை எங்க அப்பாவா எழுதுனாரு?"

"அவிய நல்லது நெனச்சுத்தான் எழுதுனாவ."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லம்மா?"

"நீங்க ஒரு நாளாவது என் கையப் புடிச்சுப் பாத்திருந்தா ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும் டாக்டர்."

அவன் நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னான், பிளேட்லெட் பைக்கு மதுரைக்குச் சொல்லி அனுப்பினான். ஸ்கேன் பார்த்தான். துடிப்பு இருந்தது.

"புள்ள எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. உறுப்பெல்லாம் உருவாகுத நேரத்துல அந்த மருந்து உள்ள போயிருக்கு. இன்னும் சில வாரம் கழிச்சுப் பாத்தாத்தான் தெரியும். அப்பமும் முழுசாத் தெரியாது."

பிறகு அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தட்ட ஆரம்பித்தான். வயது. கர்ப்பம். பிளேட்லெட். சாப்பிட்ட மருந்தின் பெயர்.

"அதுல எழுதணுமா டாக்டர்?" என்றாள் ஆவுடையம்மாள்.

"எழுதாம எப்பிடிம்மா? எழுதாமப் போனதுலதான் இம்புட்டும்."

அது சரியான பேச்சு. மறுத்துப் பேச இடமில்லை. கடைசிக் கட்டையைத் தட்டிவிட்டு டாக்டர் எழுந்து போனான். ஆவுடையம்மாள் மகளின் கட்டிலருகில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகளின் கையைப் பிடிக்கப் போய், பிடித்தால் நீலம் படும் என்று நினைவு வந்து, விரல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் ஓட்டமாக வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு பெலிக்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தான். கையில் போன், முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டர் இல்லையா? சிஸ்டர், இப்ப ஒரு புது கேஸ் ஏறியிருக்குல்ல? கம்ப்யூட்டர் இப்பத்தான் துப்புச்சு. கர்ப்பிணி, பிளேட்லெட் இல்ல, அதுலயும் நம்ம மருந்தச் சாப்பிட்டவ! இந்த மாதிரி ஒரு ஆளு எங்கயுமே இல்ல. புள்ள பெறுத வரைக்கும் கூடவே இருந்து பாக்கணும்னு கம்பெனி…"

அப்போதுதான் முக்காலியில் இருந்தவளைப் பார்த்தான். அவளைப் பார்த்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தான். மூக்கையும் வாயையும் பார்த்தால் தாய் மகள் என்று யாருக்கும் தெரியும். சிரிப்பு முகத்திலேயே நின்று மெதுவாக வடிந்தது.

"அம்மா… தெருவுல ஒரு பொண்ணுன்னு சொன்னீங்களே."

"எங்க வீடும் அந்தத் தெருவுலதான் தம்பி இருக்கு."

அவன் கையில் இருந்த போனை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான். தாண்டிவிட்ட பக்கம் அவனுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"எம் மக பேரு கம்ப்யூட்டர்ல ஏறி அரை மணி நேரம் ஆகல. அதுக்குள்ள நீங்க வந்து நிக்கீய," என்றாள் ஆவுடையம்மாள். "வந்தது வந்தீய. வேற யாருக்கும் இது தெரியாமப் பாத்துக்கிடுங்க. ஒங்க கால்ல வேணாலும் விழுதேன்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா." பெலிக்ஸின் குரல் இறங்கியது. "ஆனா மெசேஜ் போயிருக்கும். அத நான் அனுப்பல. பொருத்தமான ஆளுன்னு வந்தா அதுவே அனுப்பிரும்."

"எங்க அனுப்பும்?"

"பதிவுல உள்ள நம்பருக்கு."

ஆவுடையம்மாள் மகளைப் பார்த்தாள். மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

மடியில் இருந்த போன் அடித்தது. மாப்பிள்ளை.

மாத்திரைக்கு ஒரு பொய், ரத்தத்துக்கு ஒரு பொய், தலையணை உறைக்கு ஒரு பொய் என்று இத்தனை நாளும் அவளுக்குச் சரளமாகத்தான் வந்தது. இப்போது கையை விட்டுத் துழாவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. போனைக் காதில் வைத்தாள்.

பாத்திரங்களின் சத்தம். யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். யாரோ தாம்பாளங்களை அடுக்குகிறார்கள்.

"அத்தை, மாரி பேர் போட்டு எனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு," என்றான் விக்னேஷ்வரன். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "அவ சீக்குக்கு ஏதோ ஆராய்ச்சியாம், சேர விருப்பமான்னு கேட்டிருக்கு. ரத்தத்துல என்னமோன்னு போட்டிருக்கு. மாரிக்கு என்ன சீக்கு? ஒங்களுக்குத்தான அந்தச் சீக்கு? ஆள் மாறி வந்திருச்சா?"

ஆள் மாறித்தான் வந்துவிட்டது மாப்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைக்குத் தப்பித்துக்கொள்ளலாம். பின்னால் சண்முகத்தாயின் குரல் கேட்டது. "யாருலே போன்ல? மதினியா? தேருக்கு எத்தன மணிக்கு வாராவளாம்?"

மாரிசெல்வியின் மூக்கில் வைத்த பஞ்சு மறுபடி சிவந்துகொண்டிருந்தது.

"ஆள் மாறல மாப்ளை," என்றாள் ஆவுடையம்மாள். "இத்தன நாளா மாறியிருந்தது. சீக்கு அவளுக்குத்தான். எம் பேர்ல இருந்துச்சு."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பக்கத்தில் இருந்த யாரிடமோ கொடுக்கிற மாதிரி ஒரு உரசல் கேட்டது. பிறகு, அந்தக் கடையில் ஓயாத சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. தட்டிப் பார்த்தவன் நிறுத்தினான். அடுக்கியவன் நிறுத்தினான்.